இரண்டிலும் சிவப்பு

இரண்டு பொட்டலத்திலும் சிவப்பு அரளியையே வைத்துக் கட்டிய பிறகுதான் செந்தமிழனுக்கு மூச்சு சீரானது. வெள்ளை வந்தால் ஆபரேஷன், சிவப்பு வந்தால் வேண்டாம். அம்மன் சொன்னால் சரி என்று மனைவி பிரபாவும் ஒப்புக்கொண்டிருந்தாள்.

சென்னை டாக்டர் அவனுடைய ஸ்கேன் படத்தில் பேனாவை வைத்துக் காட்டியிருந்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் அடியிலேயே உப்பியிருக்கிறது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு சின்னக் குழாய்களும் அங்கேதான் பிரிகின்றன. உப்பியதை வெட்டிவிட்டுச் செயற்கைக் குழாய் வைத்து, சின்னது இரண்டையும் அதில் தைக்க வேண்டும். விட்டால் ஒருநாள் வெடிக்கும்.

"உத்திரமேரூரு சுத்துவட்டாரத்துல உப்புன ஓஸ் பைப்பையெல்லாம் அறுத்து மாத்துற பம்புசெட் மெக்கானிக்கு நீ. உனுக்கு இன்னா பயம்?" என்றாள் பிரபா.

"ஓஸை மாத்துறப்போ நான் மோட்டாரை நிறுத்திடுவேம்மே!"

"டாக்டரும் நிறுத்திட்டுத்தான் மாத்துவாராம்."

அதைக் கேட்ட பிறகுதான் அவன் அரளி பறிக்கப் போனான்.

பூசாரி ராஜாராம் பொட்டலங்களை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஊர்ப் பூசாரிகளெல்லாம் வெற்றுடம்போடு நிற்க, இவர் மட்டும் ஒரு வருஷமாகக் கழுத்துப் பொத்தான் வரை சட்டை போடுகிறவர். அம்மன் காலடியில் வைத்து, கற்பூரம் காட்டி, தட்டை நீட்டினார். பிரபா கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை அரளி.

திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். செந்தமிழனால் நியாயம் கேட்கவும் முடியவில்லை.

"ஒரு தபா பாத்தா செல்லாது. மூணு தபா பாக்கணும்" என்றான்.

மறுபடி இரண்டு சிவப்பு கட்டினான். வெள்ளை வந்தது. மூன்றாம் தடவை இன்னும் நன்றாகச் சிவந்த பூவாகப் பொறுக்கிக் கட்டிக் கொடுத்தான். வெள்ளை.

"அம்மா மூணு தபா சொல்லிட்டா! நாளிக்கே அட்மிட்!" பிரபா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"எப்டிமே வெள்ளை வரும்? மூணு தபாவும் ரெண்டுலயும் சேப்பைத்தானே வெச்சேன்!"

சொன்ன பிறகுதான் சொன்னது அவன் காதில் விழுந்தது. பிரபா திட்டவில்லை. கண் நிறைந்துவிட்டது. "நீ பூட்டா நான் இன்னாய்யா பண்ணுவேன்?"



ராஜாராம் தட்டைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நடு நெஞ்சில் மேலிருந்து கீழாக நீளமான தையல் தழும்பு.

"எனுக்கும் அதே எடந்தான் உப்பிக்கினு இருந்திச்சி. நானும் ரெண்டுலயும் சேப்புதான்யா வெச்சேன். அன்னிக்கு மாத்தி வெச்சது என் பொண்டாட்டி."