மூன்றாம் பிளாக்குக்கு ஒரு டிரங்க் கால்

என் பிரியமுள்ள தங்கைக்கு,

உயிரோடு இருக்கும் உன் அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தானும் மகளும் சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் எங்களைவிட ஒரு படி கூடுதலாகவே சுகமாக இருக்க வேண்டும்.

எடுத்த எடுப்பிலேயே 'உயிரோடு' என்று போட்டதற்குக் காரணம் உனக்கே தெரியும். எல்லைக்கு அந்தப் பக்கம் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததைக் கண்டித்து அன்று எல்லோரும் போனில் தங்கள் முகப்புப் படத்தை நீக்கிவிட்டு வெறும் கறுப்பைப் போட வேண்டும் என்று மகள் சொன்னாள். நானும் போட்டேன். ஒரு மணி நேரத்தில் நீ கூப்பிட்டாய். நான் 'ஹலோ' சொல்வதற்குள், "ஐயோ, அக்கா எப்படிப் போனா? எப்ப எடுக்கறாங்க?" என்று என்னிடமே கேட்டாய். "இன்னும் எடுக்கலடி, இப்பதான் குளிச்சிட்டு வந்திருக்கேன்" என்றேன். அதற்கு நீ, "குரல்கூட அப்படியே அக்கா மாதிரியே இருக்கே, நீங்க யாரு?" என்று இன்னும் பெரிதாக அழுதாய். பெரியப்பா மகன் வண்டி பிடித்து நேரிலேயே வந்துவிட்டார். நான் கதவைத் திறந்ததும் இரண்டு படி பின்னால் இறங்கிவிட்டார். காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போதும் என்னை ஒரு மாதிரிதான் பார்த்துக்கொண்டு போனார்.

அன்றைக்கே நீ, "இந்த வயசுல உனக்கு எதுக்கு இந்தப் போராட்டமெல்லாம்? பேசாம இரு" என்று கண்டித்தாய். நான் பேசாமல் இருக்கவில்லை. அதனால் இப்போது என் செல்போன் மகளின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது, நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நடுவில் என்ன நடந்தது என்பதை வேறு யாராவது கண் காது மூக்கு வைத்து உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

மகள் பல் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் போனோடு உட்கார்ந்துவிடுவாள். அவளும் பல ஊர்க்காரர்களும் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கம் ஊர்வலம் போனவர்களை ராணுவம் பிடித்துக்கொண்டு போய், 'அப்படி யாரும் எங்களிடம் இல்லை' என்று சொல்லிவிடுகிறதாம். இல்லை என்று சொல்லப்பட்டவர்கள் கொஞ்ச நாளில் உண்மையாகவே இல்லாமல் போய்விடுகிறார்களாம். அதனால் குழுவில் ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டு, 'இவர் எங்கே?' என்று தினமும் விடாமல் எழுதிக் கேட்க வேண்டும். எனக்கு வந்தவர் ஒரு பள்ளிக்கூட பஸ் டிரைவர். பஸ்ஸில் ஊர்வலக்காரர்களை ஏற்றி, துப்பாக்கிச் சூட்டிலிருந்து வெளியே கொண்டுவந்தவர். மனைவி தையல்காரி. அவள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். நம் பாஷைதான், கொஞ்சம் இழுத்துப் பேசுகிறாள். "அவருக்கு வலது புருவத்துல தழும்பு இருக்கும். பாத்தா சொல்லுங்க" என்றாள், சந்தையில் தொலைத்தவரைத் தேடுகிற மாதிரி.

நானும் எழுத ஆரம்பித்தேன். எழுதுவதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை, எங்கே எழுதுகிறோம் என்பதில்தான். ஒரு நாள் விடியற்காலையில், 'பதவியை விட்டு இறங்கு! பயந்தது போதும், மக்கள் எழுந்துவிட்டார்கள்!' என்று குழுவுக்குப் போட்டேன். அது எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவுக்குப் போய்விட்டது. எங்கள் குடியிருப்புச் செயலாளரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது வருஷமாகத் தேர்தல் என்ற பேச்சையே எடுக்கவிடாமல் இருக்கிறவர். பத்து நிமிஷத்தில் பதினான்கு பேர் கட்டைவிரலைத் தூக்கிவிட்டார்கள். மூன்றாம் மாடிக்காரர், 'இதைச் சொல்ல ஒரு பெண் வரவேண்டியிருந்தது' என்று கண்ணீர் விடுகிற பொம்மையோடு போட்டிருந்தார். நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே அழைப்பு மணி அடித்தது. செயலாளர் கையில் ஒரு கொத்துச் சாவி.

"இது தண்ணித் தொட்டி, இது மொட்டை மாடி, இது லிஃப்ட் ரூம். நீங்களே பாத்துக்கங்கம்மா. மக்கள் எழுந்ததுக்கு அப்புறம் எனக்கென்ன வேலை?"

"ஐயோ சார், அது உங்களுக்கு இல்ல. பக்கத்து நாட்டு ஜெனரலுக்கு!"

"சத்தியமா?"

"சத்தியமா."

சாவிக்கொத்து திரும்ப அவர் பையில் போன வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு உட்கார்ந்து காபி குடித்தார். டிரைவர் கதையைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்துவிட்டது. "தேர்தலே வைக்காம ஒரு மனுஷன் நாற்காலியில உக்காந்திருக்கறதாவது! என்ன அநியாயம்!" என்று மேஜையைத் தட்டினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உன் அத்தான் சமையலறைக்குள் போய்விட்டார். அன்றிலிருந்து செயலாளர் எங்கள் குழுவில் ஒருவர். எங்களில் அவருக்குத்தான் கோபம் அதிகம்.

அப்புறம்தான் பெரிய விஷயம். டிரைவரை வைத்திருப்பதாகச் சந்தேகப்படுகிற முகாமின் தொலைபேசி எண் குழுவுக்குக் கிடைத்தது. எல்லோரும் கூப்பிட்டுக் கேளுங்கள் என்றார்கள். ஆள் மாற்றி ஆள் கூப்பிட்டார்கள். 'கொலைகாரர்களே' என்று தொடங்குவார்கள், அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். மகளும் கூப்பிட்டாள், கத்தினாள், வைத்துவிட்டான்.

"கத்தினா வைக்கத்தான் செய்வான். வைக்க முடியாத மாதிரிப் பேசணும்" என்றேன்.

"அது எப்படிம்மா?"

முப்பத்தொரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்த என்னிடம் கேட்கிற கேள்வியா அது? மறுநாள் காலை அவள் வேலைக்குப் போன பிறகு வீட்டுத் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு எண்ணை அழுத்தினேன். பக்கத்தில் செயலாளர். உன் அத்தான் வாசற்படியில் நின்றுகொண்டு, "மிலிட்டரிக்காரன் வந்து கதவைத் தட்டினா நீதான் போய்த் திறக்கணும், சொல்லிட்டேன்" என்றார். எடுத்தது ஒரு இளவயதுக் குரல். நான் பழைய குரலை எடுத்தேன். ஏற்ற இறக்கமே இல்லாமல், மூக்கிலிருந்து கொஞ்சமாக வருமே, அந்தக் குரல்.

"டிரங்க் கால். துண்டிக்காதீங்க, லைன்ல இருங்க."

"சரி மேடம்" என்றான். டிரங்க் கால் என்றால் எக்ஸ்சேஞ்சில் மூன்று மூன்று நிமிஷமாக இணைத்துத் தருகிற வெளியூர் அழைப்பு என்றெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்காது. எங்கோ மேலேயிருந்து வருகிறது என்று மட்டும் புரிந்துகொண்டான். டிரைவரின் பெயரைச் சொன்னேன். "வலது புருவத்துல தழும்பு. எந்த பிளாக்?"

"மூணாவது பிளாக், மேடம்."

"நிலைமை?"

"இடது கையில கட்டுப் போட்டிருக்கு மேடம். காலையில சாப்பிட்டார்."

"பதிவேட்டுல பேர் ஏன் இல்ல?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "மூணாவது பிளாக் ஆளுங்க யாரையும் எழுதக்கூடாதுன்னு உத்தரவு மேடம். இருபத்திரண்டு பேர் இருக்காங்க."

அந்த இருபத்திரண்டைக் காலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். குரலை மாற்றவில்லை. "நன்றி. உங்க மூணு நிமிஷம் முடிஞ்சுது" என்று வைத்துவிட்டேன். செயலாளர் வாயைத் திறந்தவர் மூடவே இல்லை. இதை மகளிடம் சொல்லலாம் என்று செல்போனை எடுத்தால், அது கொதித்துக்கொண்டிருக்கிறது. விஷயம் இதுதான்: கூப்பிடுவதற்கு முன்னால் அதில் ஏதோ சிவப்பாக ஒளிர்ந்தது, அணைப்பதாக நினைத்து அதை அழுத்திவிட்டு டப்பாவில் சாய்த்து வைத்திருந்தேன். அது அணைக்கிற பொத்தான் இல்லையாம். நாற்பதாயிரம் பேர் என் நாடியையும் மின்விசிறியையும் பார்த்தபடி எங்கள் குழுவின் பக்கத்தில் எல்லாவற்றையும் நேரலையில் கேட்டிருக்கிறார்கள்.

சாயங்காலத்துக்குள் அந்தப் பதிவு போகாத இடமில்லை. 'இல்லை' என்று சொன்னவர்கள் வாயாலேயே 'இருபத்திரண்டு பேர்' வந்துவிட்டதே! பெரிய பெரிய செய்தி நிறுவனங்கள் முகாமைக் கூப்பிட்டு மூன்றாம் பிளாக்கைப் பற்றிக் கேட்டார்கள். ஆறாம் நாள் ராணுவம், 'விசாரணை முடிந்தது' என்று சொல்லி இருபத்திரண்டு பேரையும் வெளியே விட்டது. தையல்காரி குரல் பதிவு அனுப்பினாள். பின்னால் மிஷின் ஓடுகிற சத்தம். "வந்துட்டார். தூங்கறார். பக்கத்துலயே உக்காந்து தைச்சிட்டிருக்கேன். இந்தச் சத்தத்துலகூட முழிக்கல" என்றாள். மகள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். செயலாளர் குடியிருப்பு முழுவதற்கும் இனிப்பு கொடுத்து, எல்லோரையும் தானே விடுவித்த மாதிரி பேசிக்கொண்டு திரிந்தார்.

எனக்குத்தான் அந்த இனிப்பைத் தின்ன மனசு வரவில்லை. அந்தச் சிப்பாய்ப் பிள்ளை என்ன ஆனான்? என்னை நம்பித்தானே பதில் சொன்னான். நாற்பதாயிரம் பேர் கேட்கிறார்கள் என்று அவனிடம் நான் சொல்லவில்லையே. வேண்டுமென்று செய்யவில்லைதான், ஆனாலும் அவன் குரலைக் காட்டிக்கொடுத்தது நான்தானே? மறுபடி முகாமைக் கூப்பிட்டேன். வேறு குரல். வைத்துவிட்டான். மகள், "அம்மா, நீ இருபத்திரண்டு பேரைக் காப்பாத்தியிருக்க" என்றாள். நான் இருபத்து மூன்றாவது ஆளையே நினைத்துக்கொண்டிருந்தேன். போனைத் தொட்டாலே கை கூசியது. நானே அதை அவளிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுத் தொலைபேசி அடித்தது. தெரியாத எண். எடுத்தேன்.

"மேடம், டிரங்க் கால் மேடம்தானே?"

அவனேதான். நான் வைத்த மறுநிமிஷமே முகாமில் கலவரமாகிவிட்டதாம். இனி இங்கே இருந்தால் மூன்றாம் பிளாக்கில் தனக்கும் ஒரு இடம் என்று புரிந்து, சீருடையைக் கழற்றிப் போட்டுவிட்டு நடந்தே எல்லையைத் தாண்டிவிட்டானாம். முகாம் தொலைபேசியில் வந்த என் எண்ணை உள்ளங்கையில் எழுதி எடுத்து வந்திருக்கிறான்.

"என்னை மன்னிச்சிடுப்பா. வேணும்னு செய்யல. பொத்தான் மாறிப்போச்சு."

"அதெல்லாம் பரவாயில்ல மேடம். அந்தக் கேள்வியை யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இருந்தேன்" என்றான். அப்புறம் தயங்கித் தயங்கி, "எங்க அம்மாவுக்கு ஒரு லைன் போட்டுத் தருவீங்களா? இங்கேருந்து கிடைக்க மாட்டேங்குது. நான் செத்துட்டேன்னு நினைச்சிட்டிருப்பாங்க" என்றான்.

எக்ஸ்சேஞ்சை மூடிப் பல வருஷமாகிவிட்டது என்று அவனிடம் நான் சொல்லவில்லை. "எண்ணைச் சொல்லுங்க. லைன்ல இருங்க" என்றேன். மகளின் செல்போனில் அந்த எண்ணைப் போடச் சொன்னேன். ஐந்து முறை விழவில்லை, ஆறாம் முறை ஒரு அம்மாள் எடுத்தாள். வீட்டுத் தொலைபேசியின் காதுப் பக்கத்தை செல்போனின் வாய்ப் பக்கத்தில் வைத்து, தலைகீழாகத் திருப்பி, ரப்பர் வளையம் போட்டுக் கட்டினேன். "பேசுங்க" என்றேன். முப்பத்தொரு வருஷத்தில் இணைத்த பிறகு ஒரு நாளும் நான் ஒட்டுக்கேட்டதில்லை. மகளையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஆனாலும் அந்த அம்மாள் போட்ட முதல் சத்தம் கதவைத் தாண்டி வந்துவிட்டது. இருபத்தாறு நிமிஷம் பேசினார்கள். உன் அத்தான் வாசற்படியிலேயே உட்கார்ந்து, அழைப்பு மணி அடிக்க வந்தவர்களையெல்லாம் கையைக் காட்டித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இவ்வளவுதான் நடந்தது. இதோடு போதும் என்று மனசுக்குள் ஒரு திருப்தி வந்துவிட்டது. நீ சொன்னதுதான் சரி. இந்த வயதில் இதெல்லாம் உடம்புக்கும் ஆகாது, உன் அத்தானின் ரத்த அழுத்தத்துக்கும் ஆகாது. எக்ஸ்சேஞ்சில் ஒரு முறை, இப்போது ஒரு முறை, ஆக இரண்டாவது தடவையாக ஓய்வு பெற்றுவிட்டேன். நீ நிம்மதியாகத் தூங்கு. மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பைச் சொல்லு. பிள்ளைகள் நூறு வயது வாழட்டும், ஒரு நாளும் யாரும் அவர்களை 'இல்லை' என்று சொல்லாத ஊரில் வாழட்டும்.

இப்படிக்கு,
உன்னை ஒரு முறை அழவைத்த
அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். மகள் இப்போதுதான் வந்து சொன்னாள், வேறொரு முகாமில் ஒரு தபால்காரரை வைத்திருக்கிறார்களாம். அங்கே போனை எடுப்பது ஒரு மேஜர். என் மூக்குக் குரலுக்கெல்லாம் மசிய மாட்டான், கேட்டதும் எழுந்து நிற்கிற மாதிரி ஒரு அதட்டல் வேண்டும். இருபத்தெட்டு வருஷம் தலைமை ஆசிரியையாக இருந்த நீ, 'யாரது அங்க?' என்று ஒரு தடவை கேட்டால் போதும், ஒரு பட்டாளமே கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கும். நீ சம்மதித்துவிட்டதாகக் குழுவில் சொல்லிவிட்டேன். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குத் தொண்டையைச் சரிபண்ணிக்கொண்டு தயாராக இரு, லைனை நான் போட்டுத் தருகிறேன். மாப்பிள்ளையிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே.