பிசின் அவர்களின் கனிவான கவனத்திற்கு

"எதுக்குடா இப்படி மூச்சு வாங்குற?" என்று போனில் கேட்டாள் அக்கா.

"கழுத்து மேல படுத்திருக்குக்கா."

"இறக்கி விடு."

"விட்டா கத்தும். கத்தினா கீழ் வீட்டுக்குக் கேட்கும். கேட்டா எனக்கு வீடு போயிடும்."

ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருக்கும் தம்பியின் சிக்கல் இதுதான். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே நீலக்கோடு போட்ட துணியைப் பதமாக மடித்து விரித்து, அதன் மேல் ஒரு பூனைக்குட்டி. சும்மா எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்றுதான் அறிவிப்பாளர் குனிந்தார். குட்டி அவர் சட்டையைப் பிடித்து ஏறி, கழுத்தைச் சுற்றிப் படுத்துக்கொண்டது. அதன் பிறகு அது முழுசாக இறங்கியதாகச் சொல்ல முடியாது. அதனால் பிசின் என்று பெயர் வைத்தார்.

கீழே குடியிருந்த வீட்டுக்காரரோ, சாவி கொடுத்த அன்றே கறாராகச் சொல்லியிருந்தார். "சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது. நாய், பூனை கூடவே கூடாது. முடி பட்டா எங்க வீட்டம்மாவுக்குத் தும்மல்." பக்கத்தில் நின்ற வீட்டம்மா அதற்குச் சாட்சியாக ஒரு தும்மல் போட்டார்.

பகலில் பிசின் பரம சாது. அவர் வேலைக்குப் போனால் ஜன்னலோரம் சுருண்டு தூங்கிவிடும். ராத்திரி தனியாகப் படுக்க வைத்தால்தான் கூப்பாடு. அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு இரவுப் பணி. அதற்குள் பழக்காவிட்டால் வீடு போகும், இல்லையென்றால் பூனை போகும். வீடு போவதைவிடப் பூனை போவதுதான் அவருக்குப் பெரிய நஷ்டமாகப் பட்டது. அதை அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

"மூணு பிள்ளைங்களைத் தனியாப் படுக்கப் பழக்கினவ நான். ஒரு பூனை எனக்கு எம்மாத்திரம்?" என்றாள் அக்கா. "நீ போட்டுக் கழட்டின சட்டையைக் கூடையில விரி. அந்த வாசனையில நீ பக்கத்துல இருக்கேன்னு நெனச்சுக்கும்."

விரித்தார். பிசின் மோந்து பார்த்தது. ஆளின் மேல்தோல் மட்டும் இங்கே இருக்கிறது, மிச்சம் படுக்கையறைக்குள் இருக்கிறது என்று அதற்குப் புரிந்துபோயிற்று. சட்டையைப் பல்லால் இழுத்துவந்து கதவோரம் போட்டு, அதன் மேல் தலையைச் சாய்த்து ஒப்பாரி வைத்தது. கதவு திறக்கப்பட்டது. விடிந்து பார்த்தால், கொடியில் கிடந்த சீருடைச் சட்டைகளையும் ஒன்று விடாமல் கீழே இழுத்துப் படுத்துப் பார்த்திருந்தது.

மாடிப்படியில் வீட்டுக்காரர் எதிர்ப்பட்டார்.

"ராத்திரி நல்லாத் தூங்குனீங்களா?"

தண்ணீர் மோட்டாரை நிறுத்தியாச்சா என்பதைத் தவிர இந்த மனிதர் இதுவரை எதையும் கேட்டதில்லை. அறிவிப்பாளர் ஒரு படி பின்வாங்கினார்.

"தூங்கினேன் சார்."

"சட்டையெல்லாம் ஒரே முடியா இருக்கே."

"கம்பளி சார். மட்டமான கம்பளி, கொட்டுது."

"கொட்டும், கொட்டும்," என்றார் வீட்டுக்காரர், அந்த முடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அக்கா அடுத்த யோசனையை எடுத்துவிட்டாள். "படுக்கறதுக்கு முன்னாடி நல்லா விளையாட விடு. களைச்சுப் போய்த் தானா விழுந்துடும்."

ஒரு காகிதப் பந்தை நூலில் கட்டி இழுத்துக்கொண்டு கூடத்தில் ஓடினார். பிசின் துரத்தியது. முக்காலி சாய்ந்தது, தண்ணீர்ச் செம்பு உருண்டது. களைத்து விழுந்தவர் அறிவிப்பாளர். பிசினுக்கு அப்போதுதான் உடம்பு சூடாகியிருந்தது.

"ராத்திரி யாரோ ஓடுற மாதிரி சத்தம் கேட்டுச்சே," என்றார் வீட்டுக்காரர் காலையில்.

"உடற்பயிற்சி சார்."

"அந்த நேரத்துலயா?"

"டாக்டர் சொல்லியிருக்காரு."

"அப்போ ஆரோக்கியமாத்தான் இருக்குன்னு சொல்லுங்க," என்ற வீட்டுக்காரர், போகிற போக்கில், "சாப்பாடெல்லாம் நேரா நேரத்துக்கு நடக்குதில்ல?" என்றும் கேட்டார். கொலைகாரனைக் கூட இப்படிச் சுற்றி வளைத்து விசாரிக்க மாட்டார்கள் என்று அறிவிப்பாளர் நினைத்துக்கொண்டார்.

மூன்றாவது யோசனை, கூடையின் பக்கத்தில் இவரே படுத்து, அது கண்ணயர்ந்ததும் நைசாக எழுந்து போய்விடுவது. விடிந்தபோது கூடைப் பக்கத்தில் வெறுந்தரையில் அறிவிப்பாளர் கிடந்தார். கட்டிலில், தலையணையின் நட்டநடுவில், பிசின்.

அன்று வேலையில் மானம் கப்பலேறியது. மைக்கின் முன்னால் அரைத்தூக்கத்தில் அவர் பேசியது நிலையம் முழுக்கக் கேட்டது. "இரண்டாவது நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கும் வண்டி... இறங்குடா கண்ணு... கழுத்து வலிக்குது, சமத்தா இறங்கிக்கோ."

நிலைய அதிகாரி அறைக்குள் ஓடி வந்தார். "யோவ், உனக்கு எப்போய்யா கல்யாணம் ஆச்சு? குழந்தை பொறந்ததைக்கூடச் சொல்லலியே!"

"குழந்தை இல்ல சார்."

"அப்போ யாரைய்யா கொஞ்சின, அவ்வளவு சனத்துக்கு நடுவுல?"

அறிவிப்பாளர் மைக் பக்கம் திரும்பி, அடுத்த வண்டியை அறிவிக்கத் தொடங்கினார்.

இரவுப் பணி தொடங்க ஒரே நாள்தான் பாக்கி. அக்கா கடைசி அஸ்திரத்தை எடுத்தாள். "உன் குரலைப் பழைய போன்ல பதிவு பண்ணி, திரும்பத் திரும்பப் பாட விடு. கொஞ்சிப் பேசுடா, கல்லு மாதிரி பேசாத."

பிரச்சினை அங்கேதான். வருஷக்கணக்காக மைக்கைப் பார்த்துப் பார்த்து, எந்த இயந்திரத்தின் முன்னால் வாயைத் திறந்தாலும் அவருக்கு ஒரே குரல்தான் வந்தது. மூன்று தடவை முயன்று, கடைசியில் தேறியது இதுதான்:

"பிசின் அவர்களின் கனிவான கவனத்திற்கு. தாங்கள் தங்கள் கூடையிலேயே உறங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறீர்கள். படுக்கையறைக்குச் செல்லும் வழி மறு அறிவிப்பு வரும்வரை மூடப்பட்டுள்ளது. தங்களுக்கு ஏற்படும் சிரமத்திற்கு வருந்துகிறோம்."

அதிசயம், பிசின் தூங்கிவிட்டது. இரண்டாவது முறை 'வருந்துகிறோம்' வருவதற்குள் குறட்டை. அறிவிப்பாளருக்குக் கண் கலங்கியது. மறுநாள் மாலை பழைய போனைக் கூடையருகில் பாட விட்டு, கதவைப் பூட்டி, நிம்மதியாக இரவுப் பணிக்குக் கிளம்பினார்.

அந்தப் போனின் பேட்டரி அவரைவிட வயதானது என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது. திரும்பிப் போக வழியில்லை. இரவு முழுக்க, வண்டிகள் வருவதையும் போவதையும் ஊருக்குச் சொல்லிக்கொண்டே, மனசுக்குள் பிசினிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் ஓட்டமும் நடையுமாக வந்து மாடி ஏறினார். அவர் வீட்டு வாசலில், கடைசிப் படியில், வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். கலைந்த தலை, சிவந்த கண். மடியில் நீலக்கோடு போட்ட உறையோடு ஒரு தலையணை. நழுவ விடக் கூடாது என்று ராத்திரி முழுக்கக் காவல் இருந்திருக்கிறார்! இரண்டு படி கீழே, மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டம்மா.

"உங்க குரல் நின்னதுலேர்ந்து..." என்று தொடங்கினார் வீட்டுக்காரர்.

"எல்லாம் ஒத்துக்கறேன் சார்," என்று அறிவிப்பாளர் குறுக்கே விழுந்தார். "கம்பளி பொய். டாக்டர் பொய். உள்ள இருக்கிறது பூனைதான். இன்னைக்கே வீட்டைக் காலி பண்ணிடறேன். அதை மட்டும் எங்கேயும் விரட்டிடாதீங்க. நான் கூட்டிட்டுப் போயிடறேன். அது இல்லாம எனக்கு முடியாது சார்."

கதவைத் திறந்தார். பிசின் பாய்ந்து வந்தது. அறிவிப்பாளர் கழுத்தை நீட்டிக்கொண்டு குனிந்தார்.

பிசின் அவரைத் தாண்டிப் போனது. வீட்டுக்காரரின் வேட்டியைப் பிடித்து, சட்டையைப் பிடித்து ஏறி, கழுத்தைச் சுற்றிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. வீட்டுக்காரருடைய விரல் தானாகப் போய் அதன் காதுக்குப் பின்னால் சொறிந்தது.

வீட்டம்மா ஒரு தும்மல் போட்டார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்.

"எனக்குத் தும்மல்னு அதை உங்க வாசல்ல கொண்டுவந்து வெச்சதே இவர்தான் தம்பி. அன்னையிலேர்ந்து அது தூங்குதோ இல்லையோ, இவர் தூங்குறதே இல்லை!"