நாற்பது நொடியை ஒழித்த வரலாறு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு நெடுங்காலம் ஓய்வெடுத்துவிட்டு, 'தானியங்கி மறுஏற்ற'த்தைக் கண்டுபிடித்தது. அதை அந்த அலுவலகத்துக்குக் கொண்டுவந்த பெருமை, மூன்றாம் மாடியில் கழிப்பறைக்கு எதிரே உட்கார்ந்து இணையதளங்களுக்கு நிரல் எழுதிய பெண்மணியைச் சேரும். அவரை எல்லோரும் அக்கா என்பார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்த மேலாளர் உட்பட.

முன்பெல்லாம் நிரலில் ஓர் எழுத்தை மாற்றினாலும் சர்வரை நிறுத்தி மறுபடி ஓடவிட வேண்டும். நாற்பது நொடி ஆகும். அதற்குள் அக்கா கழுத்தைச் சொடுக்குவார், டீ குடிப்பார், மகளுக்குப் போன் போட்டு "சாப்பிட்டியா?" என்பார். இந்த நொடிகளை மிச்சம் பிடித்தால் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாமே என்று நினைத்து அவரே ஓர் ஏற்பாடு செய்தார். எந்தப் பகுதி மாறுகிறதோ அதை மட்டும், சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது தானாக ஏற்றிக்கொள்ளும். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்றால் இதுதான்.

மேலாளர் மெய்சிலிர்த்தார். அன்றே சுற்றறிக்கை வந்தது: 'நிறுத்தம் என்பது தோல்வி. இனி இங்கு எதுவும் நிற்காது.' டீ மெஷின் பக்கத்து நாற்காலிகள் அகற்றப்பட்டன.

ஒரு வியாழக்கிழமை அக்கா அரைநாள் விடுப்பு கேட்டார்.

"நாளைக்கு மதியம் பொண்ணு ஸ்கூல்ல நாடகம் சார். மூணாவது மரமா நடிக்கிறா. ஒரே ஒரு வசனம். நான் கேட்டே ஆகணுமாம்."

"நாளைக்குத்தானே வாழ்த்து அட்டை இணையதளத்தைப் பார்க்க வாடிக்கையாளர் வராரு? உங்க தத்துவப்படியே செய்வோம். பகுதியை மட்டும் மாத்துவோம். உங்க எடத்துல வீட்டுக்காரரு?"

"வெளியூர்."

"மாமியார்?"

"எங்ககூடப் பேசறதில்ல."

"அப்ப நம்ம வரவேற்பாளர் போகட்டும். உங்க சால்வையைப் போத்தி அனுப்புவோம்."

"அவருக்கு மீசை இருக்கு சார்."

"கடைசி வரிசையில உக்காரச் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து மேலாளர் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்றார். 'அனுப்பு' பொத்தானில் இன்னும் கொஞ்சம் நீலம். இல்லை, பச்சை. ஐயோ, அந்தப் பழைய நீலமே. மாற்றிய மறுகணம் திரையில் தெரிந்தது. அவர் குழந்தையைப் போல் கைதட்டினார். அறுபத்து மூன்று முறை.

"சார், இது புதுசை ஏத்திக்குது, பழசை வெளிய அனுப்ப மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் 'அனுப்பு'ங்கிற உத்தரவு இன்னொண்ணு சேர்ந்துக்குது. ஒருதரம் நிறுத்தி ஆரம்பிச்சா சரியாயிடும்."

"நிறுத்தமா? இன்னைக்கா?" மேலாளர் காதைப் பொத்திக்கொண்டார்.

வாடிக்கையாளர் வந்தார். தன் மாமியாருக்கு ஜலதோஷம் என்று 'விரைவில் குணமடைக' அட்டையைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒருமுறை அழுத்தினார். இரண்டாவது நிமிடம் அவர் போன் அலறியது.

"என்ன மாப்பிள்ளை, அறுபத்துமூணு அட்டை வந்திருக்கு! டாக்டர் உங்ககிட்ட மட்டும் ஏதாவது சொன்னாரா?"

"நிறுத்துங்க," என்றார் மேலாளர், உதடு அசையாமல்.

அக்கா நிறுத்தினார். அந்த நாற்பது நொடியும் மேலாளர் உதட்டில் விரலை வைத்து எல்லோரையும் அடக்கினார். "சத்தம் போடாதீங்க. பாவம், மூச்சு விடட்டும்." மறுபடி அழுத்தியபோது ஒரே ஓர் அட்டை போனது.

"இப்பவாவது கிளம்பட்டுமா சார்?"

"இப்பதான் அது எழுந்திருக்கு அக்கா. பக்கத்துல ஆள் வேண்டாமா?"

நாலு மணிக்கு வரவேற்பாளர் சால்வையோடு மூச்சிரைக்க ஓடிவந்தார். "பாப்பா வசனத்தைச் சொல்லவே இல்லக்கா! அம்மா வந்தாத்தான் சொல்வேன்னு மேடையிலயே நிக்குது. திரையை இறக்கியாச்சு, மரம் இறங்கல!"

அக்கா பையைக்கூட எடுக்கவில்லை. "அக்கா, விடுப்பு விண்ணப்பம்!" என்ற மேலாளரின் குரல் படிக்கட்டு வரை துரத்தியது.

திங்கட்கிழமை சுற்றறிக்கையைப் படித்தவர்கள் கண்கலங்கினார்கள். இப்படியும் ஒரு நிர்வாகமா! 'ஓய்வின்றி ஓடும் எதுவும் ஒருநாள் தடுமாறும் என்பதை உணர்ந்தோம். ஆகவே தினமும் மதியம் நாற்பது நொடி கட்டாய ஓய்வு அளிக்கப்படும், சர்வருக்கு. அந்த நாற்பது நொடியும் அக்கா அருகில் நின்று அதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.'