மரியதாஸின் இடத்துக்கு யார்?

பகிரங்க விவாதத்தால் எந்தச் சிக்கலையும் தீர்த்துவிடலாம் என்பது பட்டதாரிகளிடையே பரவலாகக் காணப்படும் ஒரு நோய். எழுபதுகளின் தொடக்கத்தில், பட்டத்தோடு ஊர்காவற்றுறைக்குத் திரும்பி உத்தியோகத்துக்காகக் காத்திருந்த எனக்கு அது முற்றிய நிலையில் இருந்தது.

அப்போது எங்கள் கூடைப்பந்துக் கழகத்துக்கு நான் செயலாளர். (விளையாடத் தெரியாதவனுக்குக் கொடுக்கக்கூடிய பதவி அது ஒன்றுதான்.) காரைநகர் அணியுடனான போட்டி நெருங்கியது. பிரதம விருந்தினர், தெற்கே மாத்தறையில் கடை வைத்திருந்த, பக்கத்து ஊரான புளியங்கூடலைச் சேர்ந்த முதலாளி. அவருடைய மகளை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆகவே அணியின் வெற்றி எனக்கு வாழ்க்கைப் பிரச்சினை.

தடையாக நின்றவன் எங்கள் முன்வரிசை வீரன் மரியதாஸ். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிப்பது அவன் கடமை. அவனோ எதிரணியினரையும் சேர்த்தே பிடிப்பான். ஓர் ஆட்டக்காரனுக்கு அனுமதித்த ஐந்து தவறுகளும் இடைவேளைக்கு முன்பே நிறைந்து, வெளியே வந்து சோடா குடிப்பான். அவனுக்குப் பதிலாக நெட்டையன் சில்வெஸ்டரை இறக்க விரும்பினேன். நேரே சொல்லியிருக்கலாம். நான் பொதுக்கூட்டம் கூட்டினேன்.

“எந்த இடமும் எந்தத் தனிமனிதருக்கும் நிரந்தர உரித்தல்ல” என்று அரைமணி நேரம் முழங்கினேன்.

கழகத் தலைவர் அந்தோனி அண்ணை, கடலில் வலை வளைத்துக் கரைக்கு இழுக்கும் கரைவலைக்காரர். அவர் தலையாட்டினார். “செயலாளர் சொல்லுறது ஞாயம். ஒரே ஆள் ஒரே இடத்திலை வலை வளைச்சால் மற்றவை என்ன செய்யிறது? கரையிலை முறை வைச்சுத்தானே வளைக்கிறம். இதுக்கும் முறை வைப்பம்.”

“அண்ணை, நான் சொன்னது திறமையைப் பற்றி...”

“திறமை இல்லாதவனுக்கும் வயிறு இருக்குத் தம்பி.”

(பொருளியற் பட்டதாரியான நான் அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.) தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கழகத்திலுள்ள எல்லாருக்கும் அந்த இடத்தில் ஒவ்வொரு முறை. சீட்டுப் போட்டார்கள், கடைசி முறை எனக்கு விழுந்தது. விலகிக்கொள்வதாகச் சொன்னேன்.

“நீரே விலகினால் தீர்மானம் என்னத்துக்கு?” என்றான் மரியதாஸ், மிகுந்த மகிழ்ச்சியோடு.

போட்டியன்று ஒவ்வொரு விசிலுக்கும் எங்கள் முன்வரிசையில் ஆள் மாறியது. யாரைக் காவல் காப்பதென்று காரைநகராருக்கே விளங்கவில்லை. அதனால் கடைசி வரை புள்ளிகள் சமமாக நின்றன. பிறகு என் முறை வந்தது.

இரவல் காற்சட்டையை ஒரு கையால் பிடித்தபடி வளையத்தின் அடியில் நின்றேன். பந்து தானாக வந்து மற்றக் கையில் விழுந்தது. அருகில் எவருமில்லை. (என்னை ஓர் ஆளாக அவர்கள் கணக்கெடுக்கவில்லை.) சிந்தித்தேன். எறிந்தால் தவறலாம். சில்வெஸ்டருக்குக் கொடுத்தால் பழி அவனுக்குப் போகும், அது அறமாகுமா?

“எறியுமன்” என்று மரியதாஸ் கத்தினான்.

விசில் ஒலித்தது. வளையத்தடியில் மூன்று செக்கனுக்கு மேல் நிற்கக்கூடாது. (அந்த விதியைத் தமிழாக்கி எல்லாருக்கும் வாசித்துக் காட்டியவன் நானேதான்.) மத்தியஸ்தர் பந்தைக் கேட்டார். விதியின் நோக்கத்தை அவருடன் ஆராய விரும்பி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இருவர் சேர்ந்து இழுத்தெடுக்க வேண்டியிருந்தது. அடுத்த கணமே காரைநகரார் அதைக் கொண்டுபோய்ப் போட்டு வென்றார்கள்.

முதலாளியின் முடிவைத் தரகர் கொண்டுவந்தார்: “பெடியன் கெட்டிக்காரன் இல்லை. ஆனால் கைக்கு வந்ததை ரெண்டு பேர் இழுத்தும் விடேல்லை. பெட்டையைக் குடுக்கலாம், கடையைக் குடுக்க ஏலாது.”

இன்றும் சந்தையில், பாரையா விளைமீனா என்று நான் நின்றால், என் மனைவி மீன்காரரிடம் அமைதியாகச் சொல்வாள்:

“கொஞ்சம் பொறுங்கோ அண்ணை. இவருக்கு மூண்டு செக்கன் போதாது.”