தெள்ளு சார் மறைத்த பாதி

உலகத்தில் தெள்ளுப்பூச்சி கடித்தால் எல்லாரும் சொறிவார்கள். கடித்தது எந்த வகைத் தெள்ளு என்று விசாரிக்கிற ஆள் ஒரே ஒருத்தர்தான். அவர் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரராக வாய்த்தார். எல்லாம் என் தலையெழுத்து!

பெரம்பலூரில் ஒரே காம்பவுண்டுக்குள் நாலு வீடு. முன்வீட்டில் ஹவுஸ் ஓனர் அம்மா, மற்றதில் நாங்கள். தெள்ளு சார் ஒரு காலேஜ் விலங்கியல் லேபில் அட்டெண்டர். சொந்தப் பேர் யாருக்குத் தெரியும்? தபால்காரரே "தெள்ளு சார் வூடு எதுங்க?" என்றுதான் கேட்பார். சட்டைப் பையில் ஒரு லென்ஸ், ஸ்பிரிட் ஊற்றிய குட்டி பாட்டில்.

யாராவது வாய் தவறி "உண்ணி" என்று சொல்லிவிட்டால் தொலைந்தோம்.

"உண்ணிக்கு எட்டுக் காலுங்க, அது சிலந்திக்குப் பங்காளி. தெள்ளுக்கு ஆறு. பேனுக்கும் ஆறுதான், ஆனா அது தட்டை. தெள்ளு ரெண்டு பக்கமும் ஒடுங்கியிருக்கும். எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுக் கலந்தா எப்படிங்க?" மனுஷர் நிஜமாகவே வருத்தப்படுவார்.

வாலிகண்டபுரத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போனவர், அவர் தோளிலிருந்து எதையோ லபக்கென்று பிடித்து லென்ஸில் பார்த்தார். "நாய், பூனைத் தெள்ளுன்னா கன்னத்துல சீப்பு மாதிரி முள்ளு இருக்கணும். இதுக்கு இல்ல. எலித் தெள்ளு! தம்பி, வூட்ல எலி ஜாஸ்தியோ?"

பக்கத்தில் மைக் ஓடிக்கொண்டிருந்தது. பந்தியில் உட்காராமலே அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

போன வருஷம் எங்கள் காம்பவுண்டே சொறிய ஆரம்பித்தது. பழி விழுந்தது பூரி மேல். பூரி என்பது எல்லார் வீட்டு மிச்சத்தையும் தின்று வளர்ந்த கிழட்டு நாய். ஒரு கால் வேறு நொண்டி.

"இந்த நாயாலதான் எல்லாம். சாயங்காலம் ஆட்டோ வருது, அரும்பாவூர் தாண்டி வுட்டுட்டு வரச் சொல்லிட்டேன்" என்றார் ஓனர் அம்மா.

தெரியாத ஊரில் நொண்டி நாய் ரெண்டு நாள் தாங்காது. ஆனால் வாடகைக்காரன் வாய் எங்கே திறக்கும்?

சாயங்காலம் ஆட்டோ வந்தது. பின்னாலேயே காலேஜிலிருந்து தெள்ளு சார் சைக்கிளில் வந்து இறங்கினார், மூச்சிரைக்க.

"அம்மா, மைக்ராஸ்கோப்புல வச்சுப் பாத்துட்டேன். நாய்த் தெள்ளுக்கு நெத்தி உருண்டையா இருக்கும். இதுக்கு நீளமா சாஞ்சிருக்கு. இது பூனைத் தெள்ளு. கோயில்ல வச்சு சத்தியம் பண்ணுவேன்."

அம்மா தன் மடியில் கிடந்த செல்லப் பூனை ராணியைப் பார்த்தார்.

"அதுக்காக என் ராணியத் தொரத்த முடியுமா?"

"யாரையும் தொரத்த வேணாங்க. ரெண்டுக்கும் மருந்து போட்டு, வூட்டையும் கூட்டிக் கழுவிட்டாப் போதும்."

ஆட்டோ காலியாகத் திரும்பியது.

"கலக்கிட்டீங்க சார்! பூரி மேல ஒரு தப்பும் இல்லன்னு ஆக்கிட்டீங்களே!" என்றேன். சார் முகத்தில் ஈயாடவில்லை.

"நான் அதைப் புடிச்சதே பூரி மேலதாங்க. பேருதான் பூனைத் தெள்ளு, நாய் மேலயும் சொகமாக் குடியிருக்கும். அம்மாகிட்ட அந்தப் பாதிய மட்டும் சொல்லல." கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருஷத்துல ஒரு பூச்சியப் பத்திக்கூட நான் மறைச்சதில்லீங்க. பாவமுங்களா?"

"பாவமாவது! பூரி உயிரோட இருக்குல்ல, போய் டீ குடிங்க சார்" என்றேன்.

இப்போது நான் அரியலூருக்கு மாற்றலாகி வந்துவிட்டேன். நேற்று ஏதோ கடித்தது. நசுக்கவில்லை. மாத்திரை டப்பாவில் பத்திரமாகப் போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் பஸ் ஏற ஒரு சாக்கு வேண்டாமா?