சாவு வீட்டுக்குத் தானே போன பன்றி

பாலிக்பாப்பானில் கம்பெனிக் கேண்டீன் அடுப்பில் வேகும் அன்புத் தங்கை டமாரிசுக்கு, தொராஜா மலையிலிருந்து அண்ணன் தாவூத் எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம், பன்றி நீங்கலாக.

உட்கார்ந்துகொண்டு படி. என் மகள் லூதியாவின் மருத்துவச்சிப் படிப்புக்காகப் பன்றிக்குட்டி வாங்கப் பணம் அனுப்பியபோது, "அண்ணே, இது எந்தச் சாவுக்கும் போகக்கூடாது" என்று போனிலேயே சத்தியம் வாங்கினாய். தாத்தா வளர்த்ததும் அப்பா வளர்த்ததும் ஊர்ச் சாவுகளுக்கே போயின, இந்த ஒன்றாவது படிப்புக்குப் போகட்டும் என்று நானும் மனசாரத்தான் செய்தேன். போன வாரம் சம்பே பெரியவருக்கு அடக்கம் வைத்தார்கள். நம் அப்பா அடக்கத்துக்கு அந்த வீட்டார் பன்றி தூக்கி வந்தவர்கள். திருப்பாவிட்டால் என்ன பேச்சு வரும் என்று உனக்குத் தெரியாதா? உன் அண்ணி ராகேல் ஆரம்பித்துவிட்டாள். "பன்னி போனா இன்னொண்ணு வளரும். பேரு போனா எந்தப் பட்டியில போட்டு வளப்பீங்க?" நான் விடவில்லை. "புள்ள படிப்பு போனா?" என்றேன். அதற்கப்புறம் சட்டிபானைதான் பேசியது.

சரி, கண்ணில் பட்டால்தானே கேட்பார்கள் என்று அடக்கத்தன்று பன்றியைக் காப்பித் தோட்டத்தில் ஒளித்துவைக்க ஓட்டிப் போனேன். போற வழியில அடக்கம் நடக்குற மைதானம், அங்க அத்தனை பன்னியும் கத்துது, இது என்னை இழுத்துக்கிட்டு சரிவுல ஒரே ஓட்டம், கயிறு கையில சுத்திக்கிச்சு, செருப்பு ஒண்ணு எங்கயோ போச்சு, கூட்டத்துக்கு நடுவுல போய் நின்னா மைக்குக்காரன் அலறுறான்: "தாவூத் குடும்பம்! எம்மாம் பெரிய பன்னி பாருங்க, தானே நடந்து வருது!" ஊரே கை தட்டியது. மைக்கில் வந்த பெயரைத் திருப்பி வாங்கியவன் இந்த மலையில் உண்டா? பன்றி வெட்டுக்குப் போனது, என்னை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். மூங்கில் குழாயில் வெந்த கறியைத் தந்தார்கள். மகளை நினைத்து அழுதுகொண்டேதான் தின்றேன், டமாரிஸ். ஆனால் கறி நன்றாக இருந்தது.

கர்த்தர் உனக்கு நீண்ட ஆயுளையும், என்மேல் குறைந்த கோபத்தையும் தருவாராக.

இப்படிக்கு,
தலை குனிந்த அண்ணன்,
தாவூத்.

பி.கு.: உறை ஒட்டுவதற்குள் லூதியா வந்து கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "அப்பா, நம்ம பன்னியை அடக்கத்துக்கு முன்னாடியே வித்து காலேஜ் பீஸ் கட்டிட்டேன். பட்டியில இருந்தது பக்கத்து வீட்டு மிங்குஸ் மாமாவோடது. மக பிரசவத்துக்குப் போறப்ப பாத்துக்கச் சொல்லி விட்டுட்டுப் போனாரு. ரெண்டும் ஒரே கறுப்பு, உங்களுக்கு வித்தியாசம் தெரியல."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா பணம் நேரா சாவு வீட்டுக்கு நடந்திருக்குமே."

எனக்கு வந்த சந்தோஷத்தில் ராகேலையும் இழுத்து ஒரு சுற்று ஆடிவிட்டேன். திங்கட்கிழமை பிள்ளை மக்காசார் காலேஜுக்கு பஸ் ஏறுகிறாள். மிங்குசும் ஊர் திரும்பி, நம் காலிப் பட்டியைப் பார்த்துவிட்டான். நல்ல மனுஷன், சத்தம் போடவில்லை. "அவசரமில்லப்பா. எங்கப்பன் அடக்கம் வர்றப்ப கொண்டாந்துரு. ஆனா மைக்குல சொன்ன அளவுக்கு இருக்கணும்" என்றான்.

ஆகவே குட்டி வாங்கக் கொஞ்சம் பணம் அனுப்பு. லூதியாவிடம் மட்டும் சொல்லாதே, விற்றுவிடுவாள்.