ஒரே சாயலில் இரண்டு மனு

புத்தூர், ஜனவரி 1957

அன்புள்ள மைத்துனன் கிருபானந்தத்துக்கு,

அத்தான் ஜெபதாஸ் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் உன் அக்காவும் நானும் உயிரோடு இருக்கிறோம்; சுகமாக இருக்கிறோமா என்பதைக் கீழே படித்துத் தெரிந்துகொள். அரக்கோணத்தில் உன் வீட்டில் ஓர் அறையை ஒழித்துவை. இத்தனை காலம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த ஊரை விட்டு வரப்போகிறேன்.

எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருப்பதா, மெட்ராஸோடு சேருவதா என்று விசாரிக்க அதிகாரி வருகிறார் என்றதும், மெட்ராஸ் கட்சி நாகேந்திரன் வந்து, "சார், நம்மூரு அப்படியே அரக்கோணம் மாதிரி கீதுன்னு இங்கிலீஷ்ல ஒரு மனு எழுதிக் குடுங்க" என்றான். வெறும் 'லைக்' என்று எழுத எனக்கு மனசு வருமா? 'பேர்ஸ் எ ஸ்ட்ரைக்கிங் ரிசெம்பிளன்ஸ்' என்று போட்டேன். பார்த்ததுமே கண்ணில் அறைகிற சாயல் என்று அர்த்தம். ரிசெம்பிளன்ஸுக்கு முன்னால் 'பேர்' என்ற இங்கிலீஷ் வினைதான் வரவேண்டும்; 'ஹேவ்' என்று எழுதியவனையெல்லாம் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். மறுநாள் ஆந்திரக் கட்சி கிருஷ்ணப்பா வந்தான். நாகேந்திரனைப் போல அவனும் என்னிடம் படித்தவன்தான். "மாஸ்டர் காரு, நம்ம ஊரு திருப்பதி மாதிரின்னு எங்களுக்கும் ஒண்ணு ராயண்டி" என்று எழுதச் சொன்னான். யோசித்துப் பார்த்தேன். சந்தையில் ஒரே பொம்பளை தமிழில் பேரம் பேசி, தெலுங்கில் திட்டுகிறாள். பிள்ளைக்கு அப்பன் ஜாடையும் இருக்கிறது, அம்மா ஜாடையும் இருக்கிறது, எதை அழிப்பது? பொய்யில்லையே என்று அதே வார்த்தையை அதிலும் போட்டேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஊரார் முன்னால் இரண்டையும் வாய்விட்டுப் படித்தார். அரக்கோணம், திருப்பதி என்ற பெயர் தவிர ஓர் எழுத்து மாறவில்லை. "இந்த ரெண்டு மனுவுக்கும்தான் ஸ்ட்ரைக்கிங் ரிசெம்பிளன்ஸ்" என்று சிரித்துவிட்டு ஜீப் ஏறிப் போய்விட்டார். அவ்வளவுதான். "ரெண்டு பக்கமும் துன்னவரு" என்கிறான் நாகேந்திரன். ஒரு வாய்க் காப்பிகூட வாங்கிக் குடிக்கவில்லையப்பா! பால்காரி செங்கம்மா பால் ஊற்ற மாட்டேன் என்கிறாள். நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலுக்கு வருகிறோம். குழந்தைகளுக்கு எங்கள் முத்தம். கர்த்தர் உன் வீட்டையும் அந்த அறையையும் காப்பாராக.

இப்படிக்கு,
அத்தான் ஜெபதாஸ்

பி.கு.: உறையை ஒட்டப்போனேன், வாசலில் சத்தம். நாகேந்திரனும் கிருஷ்ணப்பாவும் ஒன்றாக வந்து நிற்கிறார்கள்! விசாரணைப் பேச்சு எழுந்ததிலிருந்து இரண்டு பேரும் முகம் பார்த்ததில்லை. என்மேல் கலெக்டருக்குப் புகார் கொடுக்கப்போகிறார்களாம். "இங்கிலீஷ்ல இருந்தாத்தான் சார் எடுபடும். உங்கள வுட்டா வேற யாருகிட்ட போவோம்?" என்றார்கள். தலையைச் சொறிந்துகொண்டு நின்ற அந்த இரண்டு முகத்துக்கும், கிருபானந்தம், என்ன ரிசெம்பிளன்ஸ்! உட்காரச் சொன்னேன். காப்பிக்குப் பால் செங்கம்மாவிடமிருந்து அவர்களே வாங்கி வந்துவிட்டார்கள். அந்தப் புகாரில், இந்த வாத்தியார் நடத்தைக்கும் யோக்கியத்துக்கும் துளி சாயலும் இல்லை என்பதற்கு, 'பேர்ஸ் நோ ரிசெம்பிளன்ஸ்' என்று எழுதிக்கொடுத்தேன். இங்கிலீஷ் நன்றாக வந்திருக்கிறது. அறையை ஒழிக்க வேண்டாம்.